வணிகர்க்கு இணையதளம்: அது வளர்ந்த வரலாறும் அமையவேண்டிய முறையும்

வாணிகம் செய்வார் தம் கடை இன்ன பண்டம் விற்கும் கடை என்பதைச் சேய்மையில் வருவார்க்கும் தெரிவிக்க விரும்புதல் இன்று நேற்றுத் தோன்றியதன்று. காவிரிப்பூம்பட்டினத்தில் கள் விற்போர் தம் வாயிலிற் கொடி நட்டிருந்தமையைப் பட்டினப்பாலை கற்றார் அறிவர். அக்கொடியைக் கண்டவர் உள்ளே கிடைப்பது யாதென்று வினவ வேண்டியதில்லை. கொடிக்குப் பின் பெயர்ப்பலகை வந்தது. அதன்பின் பத்திரிகை விளம்பரம் வந்தது. இற்றை நாளில், அவை எல்லாவற்றின் தொழிலையும் ஒருங்கே மேற்கொண்டு, கடை பூட்டிக் கிடக்கும் நள்ளிரவிலும் வருவாரை எதிர்கொண்டு, பண்டத்தைக் காட்டி, விலை கூறி, பணமும் பெற்றுக்கொள்ள வல்லதாய் இணையதளம் வந்து நிற்கின்றது.

நம் சங்கத்தைச் சேர்ந்த குடும்பங்களுள் வாணிகத்தையே வாழ்வாகக் கொண்டவை பல. அவற்றுள் இளைஞர் தலையெடுத்த இடங்களிலெல்லாம் கடைக்கென ஓர் இணையதளம் அமைக்கும் வழக்கம் பரவி வருகின்றது. இது மகிழ்தற்குரியதே. ஆயினும், நம்மவர் தளங்கள் சிலவற்றைத் திறந்து பார்த்தபோது நமக்குக் கவலையே மிகுந்தது. திறந்த மாத்திரத்தில் ஒரு சலனப்படம் ஓடுகின்றது. பின்பு கடையைத் தொடங்கிய முன்னோரின் படம் மாலையுடன் எழுகின்றது. அதன்பின் திறப்புவிழாப் புகைப்படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்கின்றன. கடை எத்தெருவில் உள்ளது, எத்தனை மணிக்குத் திறப்பர், ஒரு மூட்டை என்ன விலை என்பவற்றைத் தேடித் தேடிக் கண் சலித்ததே மிச்சம். முன்னோரைப் போற்றுதல் வேண்டற்பாலதே. ஆனால் சிமிட்டி வாங்க வந்தவன் அதற்காக வரவில்லை அன்றோ?

பெரும்பொருள் செலவிட்டும் பயன் காணாமைக்குக் காரணம் யாதெனில், இணையதளம் என்பது எதற்காகத் தோன்றிற்று, எவ்வாறு வளர்ந்தது, வளர்ச்சியினிடையே எவரெவர் எவ்வாறு இடறினர் என்பவற்றை அறியாமையேயாம். அவ்வரலாறு முப்பத்தைந்து ஆண்டுக்குச் சிறிது மேற்பட்டதே எனினும், வணிகர்க்கு வேண்டும் படிப்பினைகள் அதனுள் நிறைந்து கிடக்கின்றன. கட்டுவோன் தன் பெருமையை நினைந்து கட்டிய தளங்கள் பெரும்பாலும் வீழ்ந்தன என்பதும், வருவோன் யாது வேண்டி வந்தான், எக்கருவியைக் கையிற்கொண்டு வந்தான் என்பதை நினைந்து கட்டியவை நிலைபெற்றன என்பதும் அவ்வரலாற்றால் நாம் கண்டது. அதனை ஈண்டு ஒருவாறு கூறப் புகுந்தாம்.

ஸ்விட்சர்லாந்து நாட்டு ஜெனீவா நகரத்தின் அருகே, அணுவின் உட்பொருளை ஆராய்தற்கென்று ஐரோப்பிய நாடுகள் பல கூடி 1954-ஆம் ஆண்டில் நிறுவிய செர்ன் என்னும் ஆராய்ச்சி நிலையம் உளது. பல தேசத்து அறிஞரும் அங்கு வந்து, சில காலம் தங்கி, ஆராய்ந்து, தத்தம் தேசம் மீள்வர். அவர்கள் கையாண்ட கணிப்பொறிகளோ ஒன்றோடொன்று ஒவ்வாதவை. ஒருவர் எழுதிவைத்த குறிப்பை மற்றொருவர் தம் பொறியிற் படித்தல் பெரும்பாடாயிருந்தது. இவ்விடர்ப்பாட்டைக் களையும்பொருட்டு, அங்குப் பணிபுரிந்த ஆங்கிலேயராகிய டிம் பெர்னர்ஸ்-லீ என்பார் 1989-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு திட்டம் வகுத்துத் தம் மேலவர்க்கு அளித்தார். 1990-ஆம் ஆண்டின் இறுதியில் முதல் தளம் இயங்கலாயிற்று. 1991-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 6-ஆம் தேதி அதனைப்பற்றி வெளியுலகத்தார்க்கும் அவர் அறிவித்தார். உலகளாவிய வலை என்று இன்று வழங்குவது இதுவே.

அம்முதல் தளத்தின் அமைப்பை நேயர்கள் ஊன்றி நோக்குதல் வேண்டும். அதில் படமில்லை, வண்ணமில்லை. இது தலைப்பு, இது பத்தி, இது பிறிதோரிடத்துக்கு அழைத்துச் செல்லும் இணைப்பு என்னும் குறிகளை மட்டும் எழுதுவோன் இட்டுவைப்பான். அவற்றை எவ்வளவு அகலத்தில், எவ்வகை எழுத்திற் காட்டுவது என்பதைப் படிப்போனது கருவியே தீர்மானித்துக் கொள்ளும். திரை பெரிதாயின் வரி நீளும். சிறிதாயின் வரி மடங்கும். வருவோன் எக்கருவியோடு வரினும் அவனைத் திருப்பியனுப்பலாகாது என்பதே அவ்வமைப்பின் உட்கிடை. செர்ன் நிலையத்தார் 2013-ஆம் ஆண்டில் அத்தளத்தைப் பழைய முகவரியிலேயே மீண்டும் வைத்தனர். விரும்புவோர் அதனைக் கைப்பேசியிற் கண்டு, அண்மையில் இலட்சக்கணக்கிற் செலவிட்டுக் கட்டிய ஏதேனும் ஒரு தளத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் தேதி செர்ன் நிலையத்தார் இவ்வலையின் நிரல்களை எவரும் கட்டணமின்றி எடுத்தாளலாம் என்று அறிவித்தனர். அவ்வாண்டிலேயே அமெரிக்காவில் மொஸைக் என்னும் உலாவி வெளிவந்தது; எழுத்தினிடையே படத்தையும் பதித்துக் காட்ட வல்லதாதலின் அது பொதுமக்களைக் கவர்ந்தது. மக்கள் திரளும் இடத்துக்கு வணிகர் வருதல் இயல்பு. 1994-ஆம் ஆண்டில் பீட்ஸா ஹட் என்னும் உணவு நிறுவனம் இணையத்தின் வழியே ஆணை பெறத் தொடங்கிற்று. அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் ஹாட்வயர்ட் என்னும் இணையப் பத்திரிகையின் பக்கத்தில் பட்டை வடிவான விளம்பரங்கள் இடம்பெற்றன. 1995-ஆம் ஆண்டு ஜூலையில் அமேசான் புத்தகக் கடை திறக்கப்பெற்றது.

வணிகர் வந்தனர், அவரோடு அச்சுத்தொழிலின் அலங்காரக்காரரும் வந்தனர். இவர்கள் காகிதத்தில் விளம்பரம் அமைத்துப் பழகியவர்கள். காகிதத்துக்கு இன்ன நீளம் இன்ன அகலம் என்னும் வரையறை உண்டு. திரைக்கு அஃதில்லை என்பது இவர்தம் உள்ளத்துக்கு உவப்பாயில்லை. ஆகவே, கணக்கு வழக்குகளைப் பத்தி பத்தியாகக் காட்டற்கென்று அமைந்த அட்டவணைக் குறிகளைக் கொண்டு பக்கத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கண்ணுக்குத் தோன்றாத சிறு படங்களை இடையிடையே செருகி, ஒவ்வோர் எழுத்தையும் நின்ற இடத்தினின்றும் அசையாவண்ணம் கட்டிப்போட்டனர். 1996-ஆம் ஆண்டில் டேவிட் ஸீகல் என்பார் எழுதிய நூலால் இம்முறை எங்கும் பரவிற்று. பக்கம் அழகாயிற்று, ஆனால் அமைத்தவனுடைய திரையின் அளவேயுடைய திரையில் மட்டும் அழகாயிற்று.

இதற்குரிய நேரிய மருந்து முன்னரே உருவாகியிருந்தது. நார்வே நாட்டினராகிய ஹோகன் வியும் லீ என்பார் 1994-ஆம் ஆண்டு அக்டோபரில், பொருளை ஓரிடத்தும் அதன் ஒப்பனையைப் பிறிதோரிடத்தும் எழுதிவைக்கும் முறையொன்றை முன்மொழிந்தார். இவரும் பெர்ட் போஸ் என்பாரும் கூடி அதனைச் செப்பஞ்செய்ய, 1996-ஆம் ஆண்டு டிசம்பரில் அது பொது விதியாயிற்று. சி.எஸ்.எஸ். என்னும் பெயரால் இன்று உலகெங்கும் வழங்குவது அதுவே. ஆடையையும் உடலையும் ஒன்றாகத் தைத்துவிடாமல் வேறுபிரித்து வைப்பது போன்றது இது. நாளை ஆடையை மாற்றவேண்டின் உடலை அறுக்கவேண்டியதில்லை. ஆயினும் உலாவிகள் இவ்விதியைச் செவ்வனே பின்பற்றப் பல ஆண்டுகள் சென்றன. அதற்கிடையே, விட்டு விட்டு மின்னும் எழுத்துக்கள், தாமே ஒலிக்கும் இசை, ஓடும் வரிகள் முதலிய திருவிழாக் கோலங்களெல்லாம் அரங்கேறின. மின்னும் எழுத்தை இன்று உலாவிகள் கைவிட்டன. நம்மூர்க் கடைத் தளங்களில் ஓடும் வரி இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றது.

நிற்க. இவ்வலங்கார வேட்கை ஒரு பெரு வணிகத்தை எவ்வாறு விழுங்கிற்று என்பதைச் சிறிது விரித்துரைத்தல் தகும்.

ஸ்வீடன் தேசத்தினராகிய எர்ன்ஸ்ட் மால்ம்ஸ்டென், கைஸா லீயாண்டர் என்னும் இருவர், முன்பே இணையத்திற் புத்தகம் விற்றுப் பெயர் பெற்றவர்கள். இவர்களும் மற்றொரு கூட்டாளியும் சேர்ந்து லண்டன் நகரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு பூ.காம் என்னும் ஆடைக்கடை ஒன்றைத் தொடங்கினர். ஒரே நாளில் 18 நாடுகளில், பல மொழிகளிலும் பல நாணயங்களிலும் விற்பனை செய்தல் இவர்தம் நோக்கம். ஏறத்தாழ 13½ கோடி டாலர் முதல் திரண்டது. 1999-ஆம் ஆண்டு மே மாதத்திற் கடை திறப்பதாக இருந்து, தடைப்பட்டுத் தடைப்பட்டு, அவ்வாண்டு நவம்பரிலேதான் திறக்கப்பெற்றது.

அத்தளத்தின் சிறப்புக்களைச் சொல்லி முடியாது. ஆடையை எப்பக்கமும் திருப்பிப் பார்க்கலாம். பெரிதாக்கி இழை இழையாகவும் நோக்கலாம். பொம்மை உருவொன்றுக்கு அணிவித்தும் காணலாம். மிஸ் பூ என்னும் சித்திரப் பெண்ணொருத்தி வருவாரோடு உரையாடி வழிகாட்டுவாள். இவையெல்லாம் காண்டற்கு இனியவே. ஆனால் அக்காலத்தில் வீடுகளில் இருந்த இணைப்பு எத்தகையது? தொலைபேசிக் கம்பியின் வழியே, மோடம் என்னும் கருவிகொண்டு பெறுவது. அவற்றுள் விரைந்ததெனப் பெயர் பெற்றதும் விநாடிக்கு 56,000 பிட்டு, அஃதாவது 7,000 எழுத்தளவே கொணரும். 3 லட்சம் எழுத்தளவுள்ள பக்கம் ஒன்று முழுதும் வந்து சேர ஏறக்குறைய 43 விநாடி செல்லும். ஒரு பக்கத்துக்கு இவ்வளவாயின், ஒரு சட்டையைத் தேடி, திருப்பி, நிறம் தேர்ந்து, விலை கொடுத்து முடிக்குமளவும் எத்தனை பக்கம் கடக்கவேண்டும் என்பதை எண்ணிப் பார்க்க. மாக்கின்டாஷ் கணிப்பொறி வைத்திருந்தார்க்குத் தொடக்கத்தில் அக்கடைக்குள் நுழையவே இயலவில்லை. நுழைந்தவர்க்கோ திரைமேல் திரை திறந்து, வந்த வழி மறந்தது.

சில மாதம் சென்றபின் எளிய தளம் ஒன்றும் உடன் வைக்கப்பெற்றது. எனினும் காலம் கடந்துவிட்டது. 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில், திறந்த ஆறே திங்களில், பூ.காம் கலைக்கப்பெற்றது. நடுநிலையாகக் கூறின், தளத்தின் அமைப்பு ஒன்றே அதனை வீழ்த்தியது என்னலாகாது. விளம்பரத்துக்கும் விருந்துக்கும் பிரயாணத்துக்கும் பணம் ஆறாய் ஓடிற்று. அவ்வாண்டு பங்குச் சந்தையும் இணைய வணிகங்களின்மேல் நம்பிக்கை இழந்தது. ஆயினும் உள்ளே வந்த வாடிக்கைக்காரர் வாங்கி முடிக்க இயலாதிருந்தமையே முதற் புண் என்று நாம் துணிகின்றோம். கடையில் சரக்கு இருந்தது. வாங்கும் விருப்பத்தோடு மக்கள் வந்தனர். வாயிற்படிதான் உயரமாக இருந்தது.

அதே காலத்தில் அமேசான் கடையார் செய்தது யாது? அவர்தம் தொடக்ககாலப் பக்கம் பெரும்பாலும் எழுத்தாலேயே ஆனது; அழகென்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. ஒருமுறை விலாசமும் பணவிவரமும் தந்தவர் மறுமுறை ஒரே அழுத்தில் வாங்கி முடிக்கும் முறையை அவர்கள் அமைத்து, 1999-ஆம் ஆண்டு செப்டம்பரில் அதற்கு அமெரிக்க அரசாங்கத்தின் காப்புரிமையும் பெற்றனர். ஒருவர் படியை ஏற்றிக்கொண்டே போக, மற்றொருவர் படியைக் குறைத்துக்கொண்டே வந்தனர்.

படியைக் குறைத்தலின் பயனைக் காட்டும் செய்தி மற்றொன்று உண்டு. ஜாரெட் ஸ்பூல் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் 2009-ஆம் ஆண்டில் இதனை எழுதினார். பெரிய இணையக் கடை ஒன்றில், பண்டங்களைத் தேர்ந்து முடித்த பின், பணம் செலுத்துமுன் பெயரைப் பதிவு செய்துகொள்ளுமாறு ஒரு படிவம் குறுக்கிட்டது. அடுத்த முறை வாடிக்கைக்காரர்க்கு எளிதாகும் என்று நல்லெண்ணத்தோடு வைத்ததே அது. புதியவரோ, "யாம் பண்டம் வாங்க வந்தோம், உறவு கொண்டாட வரவில்லை" என்பார்போல் வெறுத்தனர், பழையவரோ தம் கடவுச்சொல்லை மறந்து திகைத்தனர். அப்பதிவுப் பொத்தானை எடுத்துவிட்டு, "தொடர்க" என்னும் பொத்தானை வைத்து, பதிவு கட்டாயமில்லை என்று ஒரு வரியும் சேர்த்தனர். வாங்கி முடித்தோர் தொகை நூற்றுக்கு 45 பங்கு உயர்ந்தது. முதலாண்டில் விற்பனை 30 கோடி டாலர் மிகுந்தது என்று அவர் கணக்குக் கூறுகின்றார். நம் கடைகளில் ஒருவர் அரைப்படி எண்ணெய் வாங்க வந்தால் அவர் பிறந்த தேதியைக் கேட்போமா? தளத்தில் மட்டும் கேட்கின்றோம்.

இனி, வருவோருள் நாம் எளிதில் மறந்துவிடும் ஒரு சாராரைப்பற்றிக் கூறுவாம். கண் பார்வையில்லாதவரும் கணிப்பொறியைக் கையாளுகின்றனர்; திரையில் உள்ள எழுத்தை உரக்கப் படித்துக்காட்டும் நிரல்கள் அவர்க்குத் துணை. அந்நிரல் எழுத்தைப் படிக்கும். படத்துள் அடங்கிய எழுத்தையோ, பெயரிடப்படாத பொத்தானையோ அதனாற் சரிவரப் படிக்கவியலாது. படத்துக்குப் பின்னால் அப்படம் இன்னதென ஒரு வரி எழுதிவைத்தால் போதும். 1999-ஆம் ஆண்டு மே மாதத்திலேயே இதற்குரிய விதிகள் வலைக் கூட்டமைப்பாரால் வெளியிடப்பெற்றன. ஆயினும் அமெரிக்க நாட்டு டார்கெட் என்னும் பெருங்கடையின் தளத்தில் அவை பின்பற்றப்படவில்லை எனக் கூறி, அந்நாட்டுத் தேசியப் பார்வையற்றோர் கூட்டமைப்பார் 2006-ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தனர். 2008-ஆம் ஆண்டில் அக்கடையார் 60 லட்சம் டாலர் ஒதுக்கி, தளத்தையும் திருத்துவதாக உடன்பட்டு, வழக்கைத் தீர்த்துக்கொண்டனர். பொத்தானுக்கு ஒரு பெயரும் படத்துக்கு ஒரு வரியும் எழுத ஆகும் செலவு எவ்வளவு என்பதை வணிகராகிய நேயர்களே கணித்துக்கொள்க. கண் மங்கிய முதியோரும் இச்சாராருள் அடங்குவர். வெளிர்மஞ்சள் தரைமேல் வெள்ளெழுத்தைப் பொறிப்பித்து, அழகென்று மகிழும் தளங்களை நம் வீட்டுப் பாட்டனாரிடம் ஒருமுறை காட்டிப் பார்த்தல் நலம்.

2007-ஆம் ஆண்டில் ஐபோன் வெளிவந்தபின் மீண்டும் ஒரு மாற்றம் நேர்ந்தது. கட்டம் கட்டமாக நிறுத்திய பக்கங்கள் அச்சிறு திரையில் எறும்பெழுத்தாய்ச் சுருங்கின. பிளாஷ் என்னும் நிரலால் ஆடியும் பாடியும் வரவேற்ற தளங்கள் அதில் திறக்கவேயில்லை. உணவு விடுதியின் வாயிலில் நின்று விலைப்பட்டியலைக் காண விழைந்தவர் வெற்றுச் சதுரத்தையே கண்டனர். (அந்நிரலுக்கு உரியவராகிய அடோபி நிறுவனத்தார் 2020-ஆம் ஆண்டின் இறுதியோடு அதனை முற்றும் கைவிட்டனர், அதனை நம்பிக் கட்டிய தளங்கள் அன்றோடு வாய் மூடின.) சிலர் கணிப்பொறிக்கு ஒரு தளமும் கைப்பேசிக்கு ஒரு தளமுமாக இரண்டு கட்டினர். ஒன்றில் விலை மாற்றி மற்றொன்றில் மறந்தனர்.

இக்குழப்பத்துக்கு வழிகண்டவர் ஈதன் மார்காட் என்னும் அமெரிக்கர். 2010-ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் வெளியிட்ட கட்டுரையில், ஒரே தளம் எத்திரையில் நுழையினும் அத்திரைக்கேற்ப நெகிழ்ந்து அமையும் முறையை விளக்கினார். பத்திகள் அகன்ற திரையில் அருகருகே நிற்கும். குறுகிய திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கும். படங்கள் தாமே சுருங்கும். 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் தேதி முதல், கைப்பேசியில் செவ்வனே விளங்காத தளங்களைக் கைப்பேசியிற் தேடுவோர்க்குப் பின்தள்ளிக் காட்டுவதாகக் கூகிள் தேடுபொறியாரும் விதி செய்தனர். 2016-ஆம் ஆண்டு அக்டோபரில், உலகில் கணிப்பொறியினும் கைக்கருவிகளின் வழியே தளங்களைக் காண்போரே மிகுந்தனர் என்று ஸ்டாட்கவுண்டர் என்னும் கணக்கெடுப்பு நிறுவனம் வெளியிட்டது. வரி மடங்கி, திரைக்கு ஏற்ப அமைதல் என்பது ஜெனீவாவின் முதல் தளத்திலேயே இருந்ததன்றோ? இருபதாண்டு சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தனர்.

தமிழருக்கு இவ்வரலாற்றில் தனியே ஒரு பங்கு உண்டு. 1995-ஆம் ஆண்டு அக்டோபரில், சிங்கப்பூர்க் கவிதைத் தொகுதி ஒன்று அந்நாட்டின் நான்கு மொழிகளிலும் இணையத்தில் வெளியிடப்பெற்றது. அதில் தமிழ் எழுத்து திரையில் தோன்ற வழி செய்தவர் நா. கோவிந்தசாமி, இவரும் நம்மைப் போலப் பிள்ளைகட்குப் பாடம் சொல்லித் தொழில் தொடங்கியவரே என்பதில் நமக்கு ஒரு சிறு பெருமை. அதன்பின் தமிழ்த் தளங்கள் பல எழுந்தன. ஆனால் ஒவ்வொரு பத்திரிகையும் தனக்கென ஓர் எழுத்துருவை வகுத்துக்கொண்டது. அவ்வெழுத்துருவை இறக்கிக்கொள்ளாதவன் திரையில் தமிழ் தோன்றாது. பொருளற்ற குறிகளே தோன்றும். 1999-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டின் பயனாகப் பொது விசைப்பலகையும் எழுத்துருக் குறியீடுகளும் வரையறுக்கப்பெற்றன. 2010-ஆம் ஆண்டில் தமிழக அரசு யூனிகோடு குறியீட்டை ஏற்றது. இன்று எக்கைப்பேசியிலும் தமிழ் தானே தோன்றுகின்றது.

இத்துணைப் பேரின் உழைப்பால் வழி திறந்திருக்க, நம் வணிகர் பலர் தமிழ்ப் பெயரையும் விலைப்பட்டியலையும் துண்டுப்பிரசுரத்தினின்றும் படமெடுத்து அப்படியே தளத்தில் ஒட்டிவிடுகின்றனர். படத்திலுள்ள எழுத்தை விரலால் தொட்டு எடுத்து அண்ணனுக்கோ அத்தைக்கோ அனுப்ப முடியாது. கைப்பேசியில் எழுத்து பெரிதாகாது. முன்னர்க் கூறிய படிப்பு நிரலும் ஊமையாய் நிற்கும். தேடுபொறியும் அதனை எழுத்தாக எண்ணி முன்வைத்தல் அரிது. "செக்கு எண்ணெய்" என்று தமிழில் தட்டித் தேடுபவள் நம் ஊர்க் கடையைக் காணாது, தொலைவிலுள்ள பெரு நிறுவனத்தினிடம் சென்று சேர்கின்றாள். மூன்று தலைமுறையாகத் தெருவில் நின்ற கடைக்கு, அத்தெருவினர் கைப்பேசியிலேயே இடமில்லாமற் போகின்றது. அழகுக் குறைவால் வரும் நட்டம் சிறிது. இந்நட்டம் குடும்பத்தின் சோற்றைத் தொடுவது. ஆதலின் தமிழை எழுத்தாகவே எழுதுவிக்க.

தளம் கட்டுவிப்போர் கட்டுவோனிடம் வற்புறுத்த வேண்டுவன இவ்வரலாற்றினின்றும் தாமே விளங்கும். முதற் பக்கத்தின் தலையிலேயே கடையின் பெயரும், விற்கும் பண்டமும், ஊரும், தொட்டவுடன் அழைப்புச் செல்லும் தொலைபேசி எண்ணும் இருத்தல் வேண்டும். திறக்கும் நேரம் உண்மையானதாயிருத்தல் வேண்டும். பண்டிகை நாளில் பூட்டுவதாயின் அதனையும் முன்னரே எழுதுக. புகைப்படக்காரர் தரும் 50 லட்சம் எழுத்தளவுள்ள படத்தை அப்படியே ஏற்றாமல், 2 லட்சத்துக்குள் சுருக்கி ஏற்றச் சொல்லுக. கிராமத்து வாடிக்கைக்காரரின் கைப்பேசியில் வலு குறைந்த நேரத்திலும் அது திறக்கவேண்டும். விலை சொல்ல இயன்றவற்றுக்கு விலையை எழுதுக. போட்டிக்காரர் பார்த்துவிடுவர் என்று அஞ்சுவோர் உளர். போட்டிக்காரர் ஒரு பையனை அனுப்பி நேற்றே கேட்டறிந்திருப்பர். தளம் முடிந்ததும், அதனைப்பற்றி ஒன்றுமறியாத ஒருவரிடம், வீட்டுப் பெண்மணியாயினும் வேலையாளாயினும், கைப்பேசியைக் கொடுத்து ஒரு பண்டத்தை வாங்கச் சொல்லி, வாய் திறவாது அருகிருந்து பாருங்கள். அவர் விரல் தயங்கும் இடங்களெல்லாம் திருத்தவேண்டிய இடங்கள்.

தளமே எதற்கு, சமூக ஊடகத்தில் ஒரு பக்கம் போதாதா என்று வினவுவார்க்கு ஜியோஸிட்டீஸ் கதையை நினைவூட்டுவாம். 1994-ஆம் ஆண்டில் தோன்றிய அந்நிறுவனம், கட்டணமின்றிப் பக்கம் அமைத்துக்கொள்ள யாவர்க்கும் இடமளித்தது. 1999-ஆம் ஆண்டில் யாஹூ நிறுவனத்தார் அதனை விலைக்கு வாங்கினர். 2009-ஆம் ஆண்டு அக்டோபரில் மூடிவிட்டனர். அங்குக் குடியிருந்த இலட்சோபலட்சம் பக்கங்கள் அவ்விடத்தினின்றும் மறைந்தன. பிறர் நிலத்திற் கடைபோடுதல் தீதன்று, திருவிழாவில் போடுகின்றோம். ஆனால் நிலையான கடை நம் பெயரிலுள்ள மனையில் இருக்கட்டும்.

அம்மனை என்பது இணையத்தில் முகவரிப் பெயரேயாம். அதனை எவர் பெயரிற் பதிவு செய்திருக்கின்றது என்பதைத் தளமுடையோர் இன்றே பார்த்தல் வேண்டும். நாம் அறிந்த இரும்புக்கடைக் குடும்பம் ஒன்றில், தளம் கட்டிக்கொடுத்தவர் முகவரியைத் தம் பெயரிலேயே பதிந்து வைத்திருந்தார். அவர் வெளியூர் சென்றுவிட்டார், ஆண்டுக் கட்டணம் செலுத்துவாரில்லை, தவணை கடந்தது, எவரோ அதனை எடுத்துக்கொண்டனர். பல ஆண்டுகளாகப் பெயர்ப்பலகையிலும் பற்றுச்சீட்டிலும் அச்சிட்ட முகவரியைத் திறந்தால் இப்போது சூதாட்ட விளம்பரம் தோன்றுகின்றது. பலகையை அழித்தெழுதியும், பற்றுச்சீட்டுப் புத்தகங்களைக் கிழித்தும் அவர்கள் படும்பாடு சொல்லுந்தரத்ததன்று. ஆதலின் பதிவு கடையுடையார் பெயரில் இருக்கின்றதா, மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் வீட்டில் எவர் வசம் உள்ளன என்று கேட்டறிந்து, புதுப்பிக்கும் தேதியைக் கடையின் பேரேட்டில், வாடகையும் வரியும் செலுத்தும் தேதிகளுக்கு அருகே, குறித்து வைக்க.